ஐடியாவுக்குப் பஞ்சமில்லை, கேட்கத்தான் ஆளில்லை

நிறுவனங்கள் என்னைக் கூப்பிடும்போது பெரும்பாலும் ஒரே குறையைத்தான் சொல்கின்றன: "எங்க ஆட்களிடமிருந்து புதுசா எதுவுமே வர மாட்டேங்குது." போய் இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தால் ஐடியா கொட்டிக் கிடக்கும். கஸ்டமர் கேரில் போன் எடுக்கிற பெண்ணிடம் ஒன்று இருக்கும், டெஸ்டிங்கில் இருக்கிற பையனிடம் இன்னொன்று இருக்கும், யாரோ ஒருவருடைய எக்ஸெல் ஷீட்டில் மூன்றாவது டேபில் வேறொன்று தூங்கிக்கொண்டிருக்கும். இதை முதல் நாளே சொல்லிவிட்டால் எனக்கு எதற்கு ஃபீஸ் என்று கேட்டுவிடுவார்களோ என்று மூன்றாம் நாள்தான் சொல்வேன்.

ஒட்டிப் பிரித்து எடுக்கிற சின்னக் குறிப்புத் தாள் இருக்கிறதே, அந்த போஸ்ட்-இட் கதையை எல்லாப் பயிற்சி வகுப்பிலும் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள், தோற்றுப்போன பசையிலிருந்து வந்த வெற்றி என்று. அந்த ஒரு வரிக்குள் பன்னிரண்டு வருஷம் இருக்கிறது. 1968-இல் 3எம் நிறுவனத்தில் ஸ்பென்சர் சில்வர் பலமான பசை ஒன்றைத் தேடப்போய், லேசாக மட்டும் ஒட்டி, இழுத்தால் சுத்தமாகப் பிரிந்து வந்துவிடுகிற பசையைக் கண்டுபிடித்தார். அதை வைத்து என்ன செய்வது என்று அவருக்கே தெரியவில்லை. ஆனாலும் வருஷக்கணக்காக கம்பெனிக்குள் பார்ப்பவர்களிடமெல்லாம் அதைப் பற்றியே பேசிக்கொண்டு திரிந்தார். அப்படிக் கேட்டவர்களில் ஒருவர் ஆர்ட் ஃப்ரை. சர்ச் பாடகர் குழுவில் பாடுகிறவர். பாட்டுப் புத்தகத்தில் அடையாளத்துக்கு வைக்கிற துண்டுத் தாள் நழுவி விழுந்துகொண்டே இருக்கும், அவருக்கு அது பெரிய எரிச்சல். 1974-இல் அந்த எரிச்சலும் இந்தப் பசையும் அவர் மண்டையில் ஒன்று சேர்ந்தன.

ஃப்ரைக்குப் பொறிதட்டியதைத்தான் எல்லோரும் பேசுவார்கள். எனக்கு அதைவிட சில்வரின் அந்த வருஷங்கள்தான் முக்கியம். உபயோகம் தெரியாத ஒன்றைப் பற்றி ஒருவர் இத்தனை காலம் பேசியும், "போதும்ப்பா, வேற வேலையைப் பார்" என்று அவர் வாயை யாராலும் அடைக்க முடியவில்லை. வேலை நேரத்தில் 15 சதவீதத்தைத் தன் சொந்த ஆர்வத்துக்கு ஒதுக்கிக்கொள்ளலாம் என்ற வழக்கம் அங்கே ஏற்கெனவே இருந்தது. கம்பெனி கலாச்சாரம் என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு இதுதான் ஞாபகம் வரும், லாபியில் ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கிற வாசகங்கள் வராது.

சரி, அப்புறம் என்ன ஆனது? 1977-இல் 'பிரஸ் என் பீல்' என்ற பெயரில் நான்கு நகரங்களில் விற்றுப் பார்த்தார்கள். எடுபடவில்லை. மறுவருஷம் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் இருக்கிற பாய்ஸி நகரத்துக்குப் போய், அலுவலகம் அலுவலகமாக இலவசமாகக் கொடுத்தார்கள். வாங்கிப் பயன்படுத்தியவர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் காசு கொடுத்தும் வாங்குவோம் என்றார்கள். 1980-இல் போஸ்ட்-இட் என்ற பெயரோடு அமெரிக்கா முழுக்க வந்தது. முதல் தடவை தோற்றபோதும் பொருள் ஏறக்குறைய இதேதான். ஒட்டிப் பிரித்துப் பார்த்தால் மூன்று நொடியில் புரிகிற ஒன்றை விளம்பரத்தில் விளக்கிப் புரியவைக்கப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

கேமரா ஃபிலிம் விற்ற கோடாக் கம்பெனியைப் பற்றியும் ஒரு தப்பான கதை ஓடுகிறது, டிஜிட்டல் வந்தபோது தூங்கிவிட்டார்கள் என்று. 1975-இல் ஸ்டீவ் சாஸன் முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்ததே அவர்கள் ஆய்வகத்தில்தான். ஒரு படத்தைக் கேசட்டில் பதிய 23 நொடி ஆகுமாம். பின்னால் டிஜிட்டல் கேமராக்களை நன்றாகவே விற்கவும் செய்தார்கள். ஆனால் லாபத்தில் பெரும்பகுதி ஃபிலிமில் இருந்தது, அந்த லாபத்தைக் கொண்டுவருகிறவர்களின் பேச்சுக்குத்தான் உள்ளே மதிப்பும் இருந்திருக்கும். 2012 ஜனவரியில் திவால் மனு கொடுத்தார்கள். அடுத்த தடவை ஒரு ஐடியாவை மீட்டிங்கில் யாராவது வெட்டும்போது காரணத்தைக் கேட்பதோடு நிறுத்தாதீர்கள். அது ஜெயித்தால் வெட்டுகிறவருடைய பட்ஜெட்டுக்கு என்ன ஆகும் என்றும் யோசித்துப் பாருங்கள்.

எல்லோரையும் ஒரு அறையில் அடைத்து பிரெய்ன்ஸ்டார்மிங் நடத்துவதில் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. தனித்தனியாக யோசித்தவர்களின் ஐடியாக்களைச் சேர்த்துப் பார்த்தால் கூடி யோசித்த குழுவைவிட அதிகம் வருகிறது என்று யேல் பல்கலைக்கழகத்தில் 1958-லேயே காட்டிவிட்டார்கள். முதலில் தனியாக எழுதச் சொல்லுங்கள், பிறகு கூடுங்கள், சீனியர் கடைசியில் பேசட்டும்.

என் அனுபவம் ஒன்று. கணக்கு எழுதுகிற ஆப் ஒன்றைச் செய்கிற கம்பெனி. போனில் எழுதுவதும் கம்ப்யூட்டரில் எழுதுவதும் தானாக ஒன்றாகிவிடுகிற மாதிரி ஒரு வசதி கொண்டுவந்தார்கள், உண்மையிலேயே நல்ல வேலை. 'ஸ்மார்ட் ஒருங்கிணைப்பு' என்று பெயர். அந்தப் பட்டனை யாரும் அமுக்கவே இல்லை. விளம்பரத்தை இன்னும் பெரிதாகச் செய்யலாமா என்று கேட்கத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். நான் அரை நாள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வாடிக்கையாளர் அழைப்புகளைக் கேட்டேன். திரும்பத் திரும்ப ஒரே கேள்வி: "அதை அமுக்கினா என் பழைய கணக்கு அழிஞ்சிடுமா?" போனில் இருந்த பெண் ஒவ்வொரு தடவையும் பொறுமையாக, "எதுவும் அழியாதுங்க, ரெண்டு இடத்திலயும் ஒரே கணக்கு தெரியும்" என்றார்.

அதையே பட்டனுக்குக் கீழே எழுதிவிடலாம் என்றேன். பிராண்டுக்கு ஏற்ற மொழியாக இல்லை என்று ஒரு வாரம் சண்டை நடந்தது. கடைசியில் எழுதினார்கள், ஜனங்கள் அமுக்க ஆரம்பித்தார்கள். இதை ஏன் முன்பே யாரிடமும் சொல்லவில்லை என்று புராடக்ட் ஹெட் அந்தப் பெண்ணைக் கேட்டார்.

"ரெண்டு தடவை மெயில் போட்டேன் சார்."

தேடிப் பார்த்தோம். இரண்டும் இருந்தன. ஒன்றுக்குப் பதிலும் போயிருந்தது: 'நோட்டட், தேங்க்ஸ்.'