காலண்டரில் இருந்த ஏழு மாதங்கள்

விழுப்புரம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகனை அழைத்து வந்திருந்த ஒரு தாய், சுருட்டி வைத்திருந்த மாதக் காலண்டர் தாள்களைப் பையிலிருந்து எடுத்து என் மேசையில் விரித்தார். பால் கணக்கு எழுதிய கட்டங்களின் ஓரத்தில் பேனாவால் சிறு புள்ளிகள் வைத்திருந்தார். மகன் விடியும்வரை தூங்காமல் நடந்துகொண்டிருந்த இரவுக்கு ஒரு புள்ளி. கதவைச் சாத்திக்கொண்டு தனியே பேசிய நாளுக்கு இரண்டு. முதல் புள்ளி ஆடி மாதத்தில் விழுந்திருந்தது. அவர்கள் என்னிடம் வந்தது மாசியில். (அடையாளம் தெரியாதிருக்க ஊரையும் சில விவரங்களையும் மாற்றியே எழுதுகிறேன்.)

அந்த ஏழு மாதமும் குடும்பத்தார் சும்மா இருந்துவிடவில்லை. முதலில் கைபேசிதான் காரணமென்று அதைச் சில நாள் பிடுங்கி வைத்தார்கள். அரியர் விழுந்தபோது படிப்புச் சுமை என்றார்கள். காதல் விவகாரமோ என்று தாய்மாமன் தனியே கூப்பிட்டு விசாரித்தார். தலைவலி என்றதற்கு உள்ளூர் மருத்துவர் சத்து மாத்திரை எழுதினார். ஏழரைச் சனி என்றார் ஜோசியர். மந்திரித்துத் தாயத்துக் கட்டினார்கள். மூன்று அமாவாசைக்குக் கோயிலில் போய்த் தங்கினார்கள். கல்லூரிப் பேருந்தில் எல்லோரும் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள், கைபேசி வழியாகத் தன் எண்ணங்களை யாரோ படிக்கிறார்கள் என்று சொல்லி மகன் அதைக் கிணற்றில் வீசிய பிறகுதான், மனநல மருத்துவரைப் பார்க்கும்படி ஓர் உறவினர் சொன்னார். "பைத்தியம்னு பேரு வந்துடுமேன்னுதான் பயந்தோம் டாக்டரம்மா" என்றார் அந்தத் தாய்.

அந்த மாணவருக்கு வந்திருந்தது சைக்கோசிஸ் என்ற மனநலப் பாதிப்பு. அது வெளிப்படையாகத் தெரியத் தொடங்கிய நாளுக்கும் சரியான சிகிச்சை தொடங்கும் நாளுக்கும் இடைப்பட்ட இந்தக் காலத்தை, சிகிச்சை பெறாத காலம் என்று தனியே கணக்கிடுகிறோம். அது நீள நீள, குணமடைதல் மெதுவாகவும் அரைகுறையாகவும் அமைகிறது என்பதைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியுள்ளன. பரம்பரையையோ மூளையின் வளர்ச்சியையோ நம்மால் மாற்ற முடியாது. இந்த இடைவெளியைக் குறைப்பது மட்டும் வீட்டிலிருப்பவர்களின் கையில் பெருமளவு இருக்கிறது.

சைக்கோசிஸ் என்பது தனியொரு நோயின் பெயரன்று. காய்ச்சல் பல நோய்களில் வருவதைப்போல, நடப்பதையும் நடப்பதாகத் தோன்றுவதையும் பிரித்தறிய முடியாமற்போகும் இந்த நிலை பல காரணங்களால் வரும். மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரீனியா), இருதுருவ மனநிலைக் கோளாறு (பைபோலார்), கடும் மனச்சோர்வு, போதைப் பொருள்கள், பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்கள், வலிப்பு நோய், தைராய்டுக் கோளாறு, மூளை அழற்சி என்று காரணங்கள் பல இருப்பதால்தான், முதல் முறை வருபவருக்கு இரத்தப் பரிசோதனையும் தேவைப்பட்டால் மூளை ஸ்கேனும் எடுக்கிறோம். இவற்றுள் மனச்சிதைவு நோய் மட்டுமே உலகில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பெரும்பாலும் பதின்வயதின் இறுதியிலோ இருபதுகளிலோ தொடங்குகிறது. பெண்களுக்குச் சற்றுத் தாமதமாக வருவதுண்டு. கல்லூரியும் முதல் வேலையும் கல்யாணப் பேச்சும் வரும் அதே வயது என்பதால், எல்லாவற்றுக்கும் வேறொரு காரணம் எளிதாகக் கிடைத்துவிடுகிறது. சினிமாவால் பழகிய 'சைக்கோ' என்ற சொல்லுக்கு இங்கே இடமில்லை. இந்த நிலையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் பிறரைத் துன்புறுத்துபவர்கள் அல்லர், பயந்துபோயிருப்பவர்கள்.

காதில் குரல் கேட்பது பெரும்பாலும் பிந்தைய கட்டம். அதற்கு முன்பே இரவும் பகலும் தலைகீழாகும், குளிப்பதும் சட்டை மாற்றுவதும் குறையும், மதிப்பெண் சரியும், கூடவே திரிந்த நண்பர்களின் அழைப்பை எடுக்கமாட்டார்கள், கைபேசியின் கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், அம்மா சமைத்த சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைப்பார்கள், பேச்சு ஓரிடத்தில் தொடங்கித் தொடர்பில்லாத இன்னோரிடத்துக்குப் போகும். இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் அது நோய் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நான் பெற்றோரிடம் கேட்கும் கேள்வி, போன வருடம் இதே மாதத்தில் உங்கள் பிள்ளை எப்படி இருந்தான் என்பதுதான். அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதைவிட, அதே பிள்ளையின் பழைய நிலையோடு ஒப்பிடும்போது உண்மை தெளிவாகத் தெரிகிறது.

கஞ்சாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இளம் வயதில் தொடர்ந்து கஞ்சா பிடிப்பவர்களுக்கு, அதுவும் வீரியம் மிகுந்ததைப் பிடிப்பவர்களுக்கு, சைக்கோசிஸ் வரும் அபாயம் கூடுகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் பையில் கஞ்சா கிடைத்ததும் குடும்பம் கோபத்தோடு அங்கேயே நின்றுவிடுவதை அடிக்கடி பார்க்கிறேன். போதையை விட்டால் தானே சரியாகும் என்று மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். விட்ட பிறகும் குரல்கள் கேட்டுக்கொண்டிருந்தால், அதற்குச் சிகிச்சை வேண்டும்.

வீட்டில் எப்படிப் பேசுவது? "அப்படியெல்லாம் யாரும் இல்லடா, உனக்குப் பைத்தியமா" என்று வாதாடினால், அவர் நம்மையும் எதிரிகளின் பட்டியலில் சேர்த்துக்கொள்வார். "ஆமாம், அவங்க அப்படித்தான்" என்று ஒத்துப்போனால் பயம் இன்னும் பெருகும். "எனக்கு அந்தச் சத்தம் கேட்கல தம்பி, ஆனா உனக்குக் கேட்குதுன்னா எவ்வளவு பயமா இருக்கும்னு புரியுது" என்று சொல்லிப் பாருங்கள். உனக்கு மனநோய் என்று சொல்லி அழைத்தால் வராதவர்கள், "பத்து நாளா தூங்கல, தூக்கத்துக்கு ஒரு டாக்டரைப் பார்ப்போம்" என்றால் பெரும்பாலும் வருகிறார்கள். அது ஏமாற்று வேலையும் அன்று. தூக்கமின்மை உண்மையிலேயே அவர்களை வதைக்கும் ஒன்று. சாகச் சொல்லிக் குரல் கட்டளையிடுகிறதா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. நோயின் தொடக்க ஆண்டுகளில் தற்கொலை அபாயம் மிகுதி என்பதால், ஆம் என்று பதில் வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

கோயிலுக்கோ தர்காவுக்கோ போனதற்காக எந்தக் குடும்பத்தையும் நான் கடிந்துகொண்டதில்லை; அங்கே அவர்களுக்குக் கிடைக்கும் ஆறுதலை என் மாத்திரை தராது. வேண்டுதல் தொடரட்டும், மருந்தும் அதே வாரத்தில் தொடங்கட்டும் என்பேன். கட்டிப்போடுவதை மட்டும் ஒருபோதும் ஏற்க முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்தார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தெளிவாகத் தடைசெய்கிறது. கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடும் என்று நோயை மறைத்துத் திருமணம் செய்துவைப்பதும் கொடுமையே. மறைத்து வைத்த மாத்திரை ஒரு மாதத்தில் நிற்கும். அதன் பிறகு இரண்டு குடும்பங்கள் என் அறையில் அமர்ந்து அழும்.

சிகிச்சையைக் குறைந்த அளவு மருந்தில்தான் தொடங்குகிறோம். தூக்கமும் படபடப்பும் சில நாள்களில் சீராகும். குரல்களும் சந்தேகங்களும் அடங்க வாரக்கணக்கில் ஆகும். இவை வெறும் தூக்க மாத்திரைகள் அல்ல, அடிமைப்படுத்துபவையும் அல்ல. ஆனால் பக்க விளைவே கிடையாது என்று சொல்லும் மருத்துவர் உண்மையை மறைக்கிறார். சிலருக்கு எடை மளமளவென்று ஏறும். சிலருக்குக் கை நடுங்கும், உடல் விறைக்கும். சிலருக்கு ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பு வரும், அதை நோய் முற்றிவிட்டதாக வீட்டில் நினைத்துக்கொள்வார்கள். எடையையும் சர்க்கரையையும் அளந்துகொண்டே வர வேண்டும். தொந்தரவைச் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்ற முடியும். நன்றாக இருக்கிறதென்று தானாக நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து. முதல் முறை குணமானவர்களைத் தொடர்ந்து கவனித்த நியூயார்க் ஆய்வொன்று (1999), ஐந்து ஆண்டுகளுக்குள் பத்தில் எட்டுப் பேருக்கு நோய் திரும்பியதையும், மருந்தை நிறுத்தியோருக்கு அந்த அபாயம் ஏறத்தாழ ஐந்து மடங்கு இருந்ததையும் காட்டியது. குணமான பிறகும் குறைந்தது ஓரிரு ஆண்டுகள் தொடர்ந்து, பிறகு மருத்துவரின் கண்காணிப்பில் சிறிது சிறிதாகக் குறைப்பதே பாதுகாப்பானது.

மருந்து மட்டும் போதாது என்பதை இந்தத் துறை படிப்படியாகக் கற்றுக்கொண்டது. 1992-இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் மனநல மருத்துவர் பாட்ரிக் மெக்கோரி இளையோருக்கென்றே தனிச் சிகிச்சை மையம் தொடங்கினார். நம் சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி அமைப்பு, கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, முதல் முறை பாதிக்கப்பட்ட இளைஞர்களைச் சென்னையிலும் மாண்ட்ரியலிலும் ஒப்பிட்டு ஆராய்ந்தது. இங்கே குடும்பத்தினர் சிகிச்சையில் கூடுதலாகப் பங்கெடுத்தார்கள்; ஊக்கமின்மை, ஒதுங்கியிருத்தல் போன்ற குறைகள் சென்னை இளைஞர்களிடம் கூடுதலாகத் தணிந்தன. குடும்பம் உடனிருப்பதன் பலனை நானும் நாள்தோறும் பார்க்கிறேன்.

அந்த மாணவர் அந்த வருடம் தேர்வு எழுதவில்லை. ஓராண்டு போனாலும் பரவாயில்லை என்று அவருடைய தந்தையைச் சம்மதிக்க வைக்கத்தான் எனக்கு மிகவும் நேரமெடுத்தது. அடுத்த ஆண்டு இரண்டு பாடங்களோடு தொடங்கினார். இப்போது அரியர்களை ஒவ்வொன்றாக முடித்து வருகிறார்.

மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, சிகிச்சை இலவசம். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்ற அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். பிள்ளை வர மறுத்தால் முதலில் பெற்றோர் மட்டும் வாருங்கள். எப்போது தொடங்கியது, தூக்கம் எப்படி, யாரைக் கண்டு பயம் என்று நீங்கள் சொல்வதைக் கேட்டே, அவரை எப்படி அழைத்து வருவது என்று சேர்ந்து திட்டமிட முடியும்.