சோடா மூடியைச் சுழற்றும் நூல்

பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "என் மகனுக்குச் சோடா மூடியில் சக்கரம் செய்து கொடுத்தேன். சின்ன வயதில் லயத்து வாசலில் நாங்கள் விளையாடியதுதான். 'நீங்க நூலை இழுக்கத்தானே செய்றீங்க, சுத்தலையே, அப்புறம் எப்படி மூடி சுத்துது? எதிர்ப்பக்கமா எப்படித் தானாவே திரும்புது?' என்று கேட்கிறான். எனக்குப் பதில் தெரியவில்லை."

பையன் கேட்டது இரண்டு கேள்வி. இரண்டுக்கும் பதில் மூடியில் இல்லை, நூலில் இருக்கிறது.

இந்த விளையாட்டுச் சாமானைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நெக்டோ போத்தல் மூடி ஒன்றை எடுத்து, உள்ளே ஒட்டியிருக்கும் தக்கையைச் சுரண்டி எறிந்துவிட்டு, கருங்கல்லில் வைத்துத் தட்டையாகத் தட்ட வேண்டும். கொட்டகலை, தலவாக்கலை போன்ற ரயில் பாதையோரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குத் தட்டுகிற வேலை இல்லை. பதுளைக்குப் போகிற ரயில் வரும் நேரம் பார்த்து மூடியைத் தண்டவாளத்தில் வைத்துவிடுவார்கள். வண்டி போனபின் சரளைக்கற்களுக்கு நடுவே தேடி எடுத்தால், பற்கள் எல்லாம் நசுங்கி விரிந்து, தாளைப்போல் மெல்லிசாக, விரலை அறுக்கும் ஓரத்தோடு கிடைக்கும். அந்த வேலையை இன்று எந்தப் பிள்ளையும் செய்யக் கூடாது. தாத்தாவின் பழைய கோட்டுப் பட்டன் ஒன்று போதும், அதில் துளைகூட தயாராகவே இருக்கிறது. மூடி என்றால் ஆணியால் நடுவில் இரண்டு துளை போட்டு, நூலை ஒன்றின் வழியே விட்டு மற்றதன் வழியே திருப்பி வாங்கி, நுனிகளை முடிச்சுப் போட வேண்டும். நூலின் இரு கோடியிலும் விரல்களை மாட்டி, மூடியைக் கொஞ்சம் சுழற்றி முறுக்கேற்றிவிட்டு, இழுத்து, தளர்த்தி, இழுத்து, தளர்த்தி... "விர்ர்ர்" என்று கிளம்பிவிடும்.

சரி, இப்போது நூலுக்கு வருவோம்.

முறுக்கே இல்லாமல் இரண்டு நூலும் பக்கத்தில் பக்கத்தில் நேராகக் கிடக்கும்போது எவ்வளவு பலமாக இழுத்தாலும் மூடி அசையாது. செய்து பாருங்கள். ஆனால் நூல்கள் ஒன்றையொன்று சுற்றிக் கிடந்தால் நிலைமை வேறு. சுற்றிக் கிடக்கும் நூல் சாய்வாகப் போகிறது, அதனால் நேராகக் கிடக்கும்போது இருந்ததைவிடக் கட்டையாகிவிடுகிறது. இரண்டு கையையும் விலக்கி இழுத்தால் அது நீள வேண்டும். நீள்வதற்கு இருக்கும் ஒரே வழி முறுக்கு அவிழ்வது. முறுக்கு அவிழ வேண்டுமானால் நடுவில் இருக்கும் மூடி சுற்றியே ஆக வேண்டும். பையனின் முதல் கேள்விக்கு இதுதான் பதில்: கை நேராக இழுக்கிறது, சாய்ந்து கிடக்கும் நூல் அந்த இழுப்பைச் சுழற்சியாக மாற்றிக் கொடுக்கிறது.

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். பாடசாலையில் படித்த பைதகரஸ் தேற்றம் மட்டும் போதும், ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மூடிக்கும் கைக்கும் இடையே 30 சென்டிமீட்டர் நூல், நூலின் கனம் 1 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் 5 சுற்று முறுக்கினால் நூல் எவ்வளவு குறையும்? அரை மில்லிமீட்டர்கூட இல்லை. 24 சுற்று முறுக்கினால் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் குறையும். இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு கையும் ஒரே ஒரு சென்டிமீட்டர் விலகினால், மூடி 24 தடவை சுற்றிவிடுகிறது! எந்தப் பற்சக்கரமும் இல்லாமல், கையின் மெதுவான அசைவு இத்தனை பெரிய வேகமாகிறது. நூல் எவ்வளவு மெல்லிசோ, அதே ஒரு சென்டிமீட்டருக்குள் அவ்வளவு கூடுதலான சுற்றுகள் அடங்கும். சாக்குத் தைக்கும் தடித்த நூலில் கட்டிய மூடி மந்தமாகச் சுற்றுவதும், மெல்லிய தங்கூசி (நைலோன்) நூலில் கட்டியது பறப்பதும் இதனால்தான்.

இரண்டாவது கேள்வி: எதிர்ப்பக்கம் எப்படித் திரும்புகிறது? முறுக்கு முழுவதும் அவிழ்ந்து நூல்கள் நேரானதும் கையின் இழுப்பால் மூடியைத் திருப்ப முடியாது. ஆனால் மூடி தன் உச்ச வேகத்தில் இருப்பது சரியாக அந்தக் கணத்தில்தான். சடத்துவத்தால் அது நிற்காமல் ஓடி, நூலை மறுபக்கமாக முறுக்கத் தொடங்கும். நூல் குறுகும், குறுகும்போது உங்கள் இரண்டு கையையும் உள்ளே இழுக்கும். அந்த இழுப்பை விரலில் நன்றாக உணரலாம். இப்போது மூடிதான் வேலை செய்கிறது, நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டும். கையை இறுக்கிப் பிடித்தால் சக்தி வீணாகி மூடி படுத்துவிடும். மறுபக்க முறுக்கு முழுதாக ஏறி மூடி ஒரு கணம் நின்றதும் திரும்ப இழுக்க வேண்டும். ஊஞ்சலைத் தள்ளுகிறவர் அது திரும்பிப் போகத் தொடங்கும் நேரம் பார்த்துத் தள்ளுவது போலத்தான் இதுவும். ஆறு வயதுப் பிள்ளைக்கு இந்த நேரக் கணக்கை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை, விரல் தானாகவே கற்றுக்கொள்கிறது.

இன்னும் ஒன்று இருக்கிறது. மூடி நல்ல வேகத்தில் இருக்கும்போது நூலை உற்றுப் பாருங்கள். இரண்டு இழைகளும் நெருக்கமாக முறுக்கேறி, அதற்குமேல் முறுக்க இடமில்லாமல் போனதும், முறுக்கிய நூலே வளைந்து தன்மேல் தானே சுருள ஆரம்பிக்கும். சின்னச் சின்ன முண்டுகளாகத் தெரியும். முறுக்கின்மேல் முறுக்கு. கூடுதலான சுற்றுகள் அங்கே சேமிக்கப்படுகின்றன, அடுத்த இழுப்பில் அவையும் சேர்ந்து அவிழ்கின்றன. நம் உயிரணுவுக்குள் இருக்கும் டி.என்.ஏ. இழையும் இதேபோலத்தான் முறுக்கின்மேல் முறுக்காகச் சுருண்டு கிடக்கிறது. லயத்து இஸ்தோப்பில் உட்கார்ந்து பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்த அந்த முண்டுகள், பல்கலைக்கழகங்களில் சமன்பாடு போட்டு ஆராயப்படுகிற விஷயம்.

அந்த "விர்ர்" சத்தம் காற்றைக் கலக்கும் மூடியின் ஓரத்திலிருந்து வருகிறது. வேகம் கூடினால் சுருதி ஏறும், குறைந்தால் இறங்கும். பொழுது சாய்ந்தபின் சுற்றினால் அந்தச் சத்தத்துக்குப் பாம்பு வரும் என்று பெரியவர்கள் அதட்டுவார்கள். பாம்புக்கு வெளிக்காதே கிடையாது. தரையில் வரும் அதிர்வுகளையும் தாழ்ந்த சத்தங்களையும் அது உணரும் என்பது உண்மை, ஆனால் மூடிச் சத்தம் கேட்டு அது ஏன் தேடி வரப்போகிறது? "ஏன் சத்தம் வருகிறது" என்று கேட்கிற பிள்ளைக்குப் பயத்தைப் பதிலாகக் கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்தச் சாமானை ஒருவர் விளையாட்டாக நினைக்காமல் பார்த்ததால் நடந்ததையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷ் என்ற இந்திய வம்சாவளி விஞ்ஞானி இருக்கிறார். உகண்டாவுக்குப் போனபோது ஒரு சுகாதார நிலையத்தில் இரத்தம் பிரிக்கும் இயந்திரத்தைக் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருப்பதைக் கண்டார். மின்சாரம் இல்லாத இடத்தில் அது வேறு எதற்குப் பயன்படும்? கையாலேயே சுற்றக்கூடிய ஒன்றைத் தேடி அவரது குழு பம்பரம், யோ-யோ என்று விளையாட்டுச் சாமான்களாகப் பரிசோதித்தது. கடைசியில் நம் பட்டன் சக்கரத்தில் வந்து நின்றது. தாள் வட்டு, தங்கூசி நூல், இரண்டு கைப்பிடி, அவ்வளவுதான். பாரம் 2 கிராம், செலவு 20 அமெரிக்கச் சதத்துக்கும் குறைவு. நிமிடத்துக்கு 125,000 சுற்று வரை எட்டினார்கள், புவியீர்ப்பைப்போல் 30,000 மடங்கு விசை! வட்டின் ஓரத்தில் வைத்த மெல்லிய குழாயில் பாரமான சிவப்பணுக்கள் வெளிப்பக்கம் ஒதுங்க, பிளாஸ்மா உள்பக்கம் தெளிந்து நிற்கும். அதற்கு ஒன்றரை நிமிடமும் ஆகவில்லை. மலேரியா ஒட்டுண்ணியைப் பிரித்தெடுக்க 15 நிமிடம். ஆய்வு 2017 ஜனவரியில் வெளிவந்தது.

அதற்குச் சில மாதம் முன்புதான், 2016 செப்டம்பரில், உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. 1934-35 கொள்ளைநோயில் சுமார் 80,000 பேரைப் பறிகொடுத்த நாடு இது. அந்த வெற்றிக்குப் பின்னால் வீடு வீடாக இரத்தம் எடுத்துப் பார்த்த ஊழியர்களின் உழைப்பு இருக்கிறது. மலிவான, எளிய பரிசோதனை எவ்வளவு பெறுமதியானது என்று இந்த நாட்டுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஆனாலும் ஆராய்ச்சிக்காக இலங்கை செலவழிப்பது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 0.1 சதவீதம்தான். மலையகத்தில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள தமிழ்ப் பாடசாலைகள் குறைவு. கொழுந்து பறிக்கும் பெண்களிடம் இரத்தச்சோகை இன்னும் பெரிய பிரச்சினை, இரத்தத்தில் சிவப்பணுக்கள் எவ்வளவு என்று பிரித்துக் காட்டி அதை அளந்து பார்ப்பதற்கு இதுபோன்ற ஒரு தாள் வட்டு உதவும். அதைச் செய்து பார்க்கும் ஆய்வுகூடம் ஏன் ஹட்டனிலோ பண்டாரவளையிலோ இருக்கக் கூடாது? இந்தச் சாமானை விரலால் அறிந்தவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். காசு ஒதுக்குகிறவர்கள் இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்குவது எனக்குக் கோபத்தைத் தருகிறது.

வாசகியின் மகனுக்கு ஒரு வேலை. துளைகள் இரண்டும் நடுப்புள்ளியிலிருந்து சரிசமமான தூரத்தில் இருக்கட்டும், இல்லாவிட்டால் வட்டு ஆடும். அப்புறம் ஒரே பட்டனைத் தையல் நூல், சாக்கு நூல், தங்கூசி மூன்றிலும் கட்டி, தொலைபேசியில் மெதுவசைவுக் காணொளி எடுத்து, ஒரு இழுப்புக்கு எத்தனை சுற்று என்று எண்ணிப் பார்க்கட்டும். எண்ணுவதற்கு வசதியாகப் பட்டனின் ஓரத்தில் வெள்ளை மையால் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.