ஊசி போட ஸ்பிரிங் எதற்கு?

போன வாரம் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. ராத்திரி 11 மணிக்கு 40 நிட்டிங்காரர்களுக்கு "உங்கள் பில் ரத்து" என்று எஸ்எம்எஸ் போயிருக்கிறது. விடிந்ததும் ஆபீஸ் வாசலில் கூட்டம். யாரும் எதையும் ரத்து செய்யவில்லை. ஜாவா எழுதும் தம்பி லேப்டாப்பில் டெஸ்ட் ஓட்டியிருக்கிறார், அவ்வளவுதான். இந்த வருஷம் எனக்கு இது மூன்றாவது கேஸ்.

பில் கிளாஸை, அதாவது பில் வேலையைப் பார்க்கும் கோடு பகுதியைத் திறந்தேன். கன்ஸ்ட்ரக்டரின் (கிளாஸிலிருந்து ஒரு ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் பகுதி) அடைப்புக்குறி காலி. உள்ளே வரிசையாக 'நியூ' (புதிதாக ஒன்றை உருவாக்கும் ஜாவா சொல்): டேட்டாபேஸ் ஒன்று, எஸ்எம்எஸ் கிளையன்ட் ஒன்று. டெஸ்டில் போலி ஒன்றை மாட்ட வழியே இல்லை, நிஜ எஸ்எம்எஸ்தான் போகும்.

"ஏந்தம்பி, இதை வெளியிலிருந்து கொடுத்தா என்ன?"

"அதுக்கு ஸ்பிரிங் வேணுமுங்க சார். சின்ன சர்வீஸ்தானேன்னு போடலீங்க."

கேட்டுக் கேட்டுக் காது புளித்த பதில். டிபென்டென்சி இன்ஜெக்‌ஷன் (கிளாஸுக்கு வேண்டியதை வெளியிலிருந்து ஊசி போல ஏற்றுவது) வேறு, அதைத் தானாகச் செய்துதரும் ஜாவா ஃபிரேம்வொர்க்கான ஸ்பிரிங் வேறு! மென்பொருள் எழுத்தாளர் மார்ட்டின் ஃபவுலர் 2004-இல் எழுதிய கட்டுரையால் அந்தப் பெயர் நிலைத்தது. கன்ஸ்ட்ரக்டருக்கு ஆர்க்யூமென்ட் கொடுக்கும் வசதியோ 1996-இல் ஜாவா வந்த நாளிலிருந்தே இருக்கிறது. ஜாப் ஒர்க் ஓட்டும் நிட்டிங் யூனிட் நூலைத் தேடி மில்லுக்கா போகிறது? கம்பெனி நூலை இறக்குகிறது, யூனிட் ஓட்டிக் கொடுக்கிறது. 30-ஆம் கவுன்ட் (நூலின் பருமன்) என்று பேசிவிட்டால் எந்த மில் நூல் என்பது கம்பெனி பாடு. கவுன்ட்தான் இன்டர்ஃபேஸ் (என்ன வேண்டும் என்ற பேச்சு), மில்தான் இம்ப்ளிமென்டேஷன் (அதைச் செய்து தருவது). இதற்கு ஃபிரேம்வொர்க் எங்கே வந்தது?

'நியூ' எல்லாம் புரோகிராம் தொடங்கும் மெயினில் இருக்கட்டும். முதலில் கனெக்‌ஷன் பூல் (டேட்டாபேஸ் இணைப்புகளின் தொகுப்பு), அதைக் கொடுத்து ரெப்பாசிட்டரி (டேட்டாபேஸில் படித்து எழுதும் கிளாஸ்), அதைக் கொடுத்து பில் சர்வீஸ், கடைசியில் ஜாவா டெவலப்மென்ட் கிட்டான ஜேடிகேயோடேயே வரும் எச்டிடிபி சர்வர். தம்பிக்கு 26 வரியில் முடிந்தது. தேதி, லிஸ்ட், பில் வரி போன்றவற்றுக்கு எங்கே வேண்டுமானாலும் 'நியூ' போடுங்கள், அதையும் ஊசி வழியாக ஏற்றாதீர்கள். ஸ்டேட்டிக் சிங்கிள்டனில் (எங்கிருந்தும் எடுக்கக்கூடிய ஒரே பொது ஆப்ஜெக்ட்) ஒளித்து வைப்பதும் வேண்டாம், டெஸ்டில் அதே தலைவலி. ஆர்க்யூமென்ட் எட்டைத் தாண்டினால் கிளாஸை உடையுங்கள். மெயினே நீண்டுகொண்டு போனால், அப்புறம் இந்த இணைப்புக் கோடை எழுதித் தரும் டேகர் என்ற டூலைப் பார்க்கலாம். விட்டுப்போனதைக் கம்பைல் நேரத்திலேயே காட்டிக்கொடுக்கும்.

இன்னொன்று, கெஞ்சிக் கேட்கிறேன்: நிஜ எஸ்எம்எஸ் கீயை லேப்டாப்பில் வைக்காதீர்கள். "பில் ரத்தாகவில்லை" என்று மறுபடி அனுப்பியதைப் பாதிப் பேர் நம்பவே இல்லை. நான் கிளம்பும்போதும் மேனேஜர் ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்.