ஆபீஸ் நம்பர்களெல்லாம் யார் போனில் இருக்கின்றன?

குன்னூர், கோத்தகிரி பக்கம் சின்ன அலுவலகங்களுக்குக் கம்ப்யூட்டரும் நெட்வொர்க்கும் பார்த்துக் கொடுப்பது என் தொழில். புதிதாக ஓர் இடத்துக்குப் போனால், "உங்க நம்பரெல்லாம் எங்க சேவ் ஆகுது?" என்று கேட்பேன். "போன்லதான் சார்" என்பார்கள். அது யாருடைய போன் என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். தேயிலைத் தொழிற்சாலை என்றால் இலை கொடுக்கும் விவசாயிகள், ஏஜெண்டுகள், லாரிக்காரர், பாய்லர் மெக்கானிக் என்று அத்தனை பேர் நம்பரும் ஒரே மேற்பார்வையாளரின் சொந்த போனில் இருக்கும். அவர் லீவு போட்டால் அலுவலகத்துக்கே வாய் கட்டிப்போய்விடும்.

'போனில் இருக்கிறது' என்பதே பாதித் தகவல்தான். சிம்மில் இருக்கலாம், போனின் சொந்த மெமரியில் இருக்கலாம், கூகுள் கணக்கில் இருக்கலாம், போன் கம்பெனியின் கணக்கில் இருக்கலாம். திரையில் எல்லாம் கலந்து ஒரே பட்டியலாகத் தெரிவதால் யாருக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. சிம்மில் பெரும்பாலும் 250 பெயர்கள்தான் அடங்கும். நீளமான பெயரின் வால் வெட்டுப்படும். போன் மெமரியில் மட்டும் இருப்பவை, போன் மழையில் நனைந்து செத்தால் அதோடு போச்சு.

இதற்கான தீர்வு புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஒருவரின் பெயர், எண், முகவரியை எந்தக் கருவியும் படிக்கும்படி எழுதிவைக்கும் வி-கார்டு வடிவத்தை 1990-களின் நடுவில் ஆப்பிள், ஏடி அண்ட் டி, ஐபிஎம், சீமென்ஸ் சேர்ந்த ஒரு கூட்டமைப்பு உருவாக்கியது. 1998-இல் அதன் 3.0 பதிப்பு இணையத் தரமாக வந்தது. 4.0 பதிப்பு வந்தது 2011 ஆகஸ்டில். அதே மாதம்தான் அந்த அட்டைகளை சர்வரில் வைத்துப் பல கருவிகளோடு ஒத்திசைக்கும் கார்ட்டாவ் என்ற நெறிமுறையும் ஆர்எஃப்சி (இணையத் தர ஆவண வரிசை) 6352 என்ற எண்ணில் வெளியானது. யாருக்கும் ராயல்டி கட்ட வேண்டாம், எந்தக் கம்பெனியும் அதைத் தன் விருப்பத்துக்குப் பூட்டிவைக்க முடியாது. கூகுளும் ஐகிளவுடும்கூட இதைப் பேசுகின்றன.

கார்ட்டாவில் ஒவ்வொரு நபரும் சர்வரில் ஒரு தனிக் கோப்பு. ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு அடையாளக் குறி உண்டு. உள்ளே எதையாவது மாற்றினால் குறியும் மாறும். போன் சர்வரிடம், "நான் கடைசியாக வந்து போனதற்கு அப்புறம் என்ன மாறியது?" என்று கேட்டு, மாறியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே எண்ணைத் திருத்தினால், பழைய குறியோடு வரும் இரண்டாமவரின் திருத்தத்தை சர்வர் ஏற்காமல் திருப்பிவிடும். போட்டோ இல்லாத ஓர் அட்டை ஒரு கிலோபைட்கூட வராது. மஞ்சூர் பக்கம் கிடைக்கும் சிக்னலுக்கு அது தாராளம்.

அதைவிட எனக்குப் பிடித்தது, முழுப் பட்டியலும் போனிலேயே ஒரு நகலாக இருப்பதுதான். 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாட்களில் மலையில் முதலில் போவது கரன்ட், அடுத்தது இன்டர்நெட். ஏதாவது ஒரு வளைவில் நின்றால் பேசுவதற்கு மட்டும் ஒரு புள்ளி சிக்னல் கிடைக்கும். ஜேசிபிக்காரர் நம்பர் இணையத்தில் ஒரு ஷீட்டில் இருந்தால் அப்போது திறக்காது. கார்ட்டாவில் ஒத்திசைத்திருந்தால் கையிலேயே இருக்கும்.

தமிழ்ப் பெயர்களில் ஒரு சிக்கல் அடிக்கடி என் மேசைக்கு வருகிறது. ஆண்ட்ராய்டு போன்கள் பலவும் கான்டாக்டுகளை ஏற்றுமதி செய்யும்போது இன்னும் 1996-இன் வி-கார்டு 2.1 வடிவத்தில்தான் எழுதுகின்றன. அதில் 'க' என்ற ஒரே எழுத்து, சமக்குறிகளும் எண்களுமாக ஒன்பது குறிகளாக விரியும். பெயர் நீளமானால் வரி உடையும். அதைச் சரியாகப் படிக்கத் தெரியாத செயலியில் ஏற்றினால் பெயருக்குப் பதில் குப்பைதான் வரும். நம்பர் மட்டும் சரியாக இருக்கும், யாருடையது என்றுதான் தெரியாது! 4.0 பதிப்பில் எல்லா மொழி எழுத்துகளையும் நேரடியாக எழுதும் யூடிஎஃப்-8 முறை கட்டாயம் என்பதால் இந்தத் தொல்லை இல்லை. ஆகவே கோப்பாக ஏற்றுமதி செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்வதைவிட நேரடி ஒத்திசைவே நல்லது.

நம் ஊரில் ஒரே ஹட்டியில் (படுகர் கிராமத்தில்) நாலு ராமன், மூன்று போஜன் இருப்பார்கள். அதனால் 'ராமன் கட்டபெட்டு' என்று ஊரையும் சேர்த்தே எழுதுகிறோம். வி-கார்டு பெயரை ஐந்து பகுதிகளாகப் பிரிக்கும். பல செயலிகள் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். கட்டபெட்டு குடும்பப் பெயராகிவிடும். சிரிப்பாக இருந்தாலும் லாபம்தான்: கடைசிப் பெயர்வாரியாக அடுக்கினால் ஊர்வாரிப் பட்டியல் தயார்.

ஐபோனில் கார்ட்டாவ் உள்ளேயே இருக்கிறது. கணக்கு சேர்க்கும் இடத்தில் 'மற்றவை'க்குள் பாருங்கள். ஆண்ட்ராய்டில் இல்லை. டேவ்எக்ஸ்5 என்ற செயலி வேண்டும். எஃப்-டிராய்டு என்ற செயலிக் களஞ்சியத்தில் இலவசம், பிளே ஸ்டோரில் காசு. ஐபோனில் போட்ட குழு ஆண்ட்ராய்டில் தெரியவில்லை என்றால், இரண்டும் குழுவை வேறு வேறு விதமாக எழுதுவதுதான் காரணம். டேவ்எக்ஸ்5 அமைப்பில் குழு முறையை மாற்றிப் பாருங்கள். கணக்கைப் போட்டதும் இன்னொரு வேலை: புதிய எண் எந்தக் கணக்கில் சேவ் ஆக வேண்டும் என்பதை கான்டாக்ட்ஸ் செயலியில் மாற்றிவிட வேண்டும். இதை விட்டால் பழையபடி போன் மெமரியில்தான் போய் விழும்.

சர்வருக்கு நெக்ஸ்ட்கிளவுட் என்ற மென்பொருள் போதும். இன்னும் சின்னதாக வேண்டுமென்றால் ராடிகேல், பைக்கால் இருக்கின்றன. சர்வரை அலுவலகத்திலேயே வைக்கலாமா என்று கேட்பார்கள். வைக்கலாம்; கரன்ட் போய் சர்வர் படுத்தாலும் போன்களில் பட்டியல் இருக்கும், எழுந்ததும் ஒத்திசைவு தொடரும். ஆனாலும் இங்கே அடிக்கும் இடி மின்னலைப் பார்த்து, வெளியே இணைய சர்வரில் வாடகைக்கு ஓர் இடம் எடுங்கள் என்றுதான் சொல்வேன்.

ஒத்திசைவை பேக்கப் என்று நினைத்துவிடாதீர்கள். ஒருவர் அழித்தால் எல்லோர் போனிலும் அழியும். கூகுளில் அழித்தது 30 நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும். சொந்த சர்வரில் அதற்கும் நீங்கள்தான் பொறுப்பு. மாதம் ஒருமுறை முழு முகவரிப் புத்தகத்தையும் சர்வரிலிருந்து இறக்கி ஒரு பென்டிரைவில் போடுங்கள். பொதுப் புத்தகத்தைத் திருத்தும் உரிமை ஒன்றிரண்டு பேருக்குப் போதும், மற்றவர்கள் படித்தால் போதும்.

ஒவ்வொருவர் போனுக்கும் தனிக் கடவுச்சொல் கொடுங்கள். வேலையை விட்டுப் போனவருடையதை மட்டும் ரத்து செய்யலாம். ஆனால் அது புதிய மாற்றங்கள் போவதைத்தான் நிறுத்தும். ஏற்கெனவே இறங்கிய நகல் அவர் போனில் கணக்கை நீக்கும்வரை இருக்கும். விவசாயியின் பெயருக்குக் கீழே குறிப்புப் பகுதியில் வங்கிக் கணக்கு எண்ணையும் ஆதார் எண்ணையும் எழுதிவைக்கும் பழக்கம் இங்கே நிறைய அலுவலகங்களில் உண்டு. பொதுப் புத்தகத்தைத் தொடங்குவதற்கு முன் அதையெல்லாம் எடுத்துக் கணக்குப் பதிவேட்டுக்கு மாற்றிவிடுங்கள்.