வாய்விட்டுச் சொன்னால் மூளையில் என்ன நடக்கிறது?

"மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். திங்கட்கிழமை ஆனால் வயிற்றுவலி. டாக்டர் எல்லாம் சரியாக இருக்கிறது என்றுவிட்டார். பள்ளி ஆலோசகரிடம் அனுப்பச் சொல்கிறார்கள். உட்காரவைத்துப் பேசினால் மட்டும் என்ன ஆகிவிடும்?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. பேச்சு எப்படி மருந்தாகும் என்பதற்கு ஓரளவு தெளிவான பதில் இப்போது இருக்கிறது.

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை என்றால் பதினொன்றிலிருந்து பதினான்கு வயது. உடம்பு மாறுகிறது, பள்ளி மாறுகிறது, நேற்றைய தோழி இன்று பேசுவதில்லை. உணர்ச்சிகளை எழுப்பும் மூளைப் பகுதிகள் இந்த வயதில் வேகமெடுத்துவிடும். நிதானிக்கச் சொல்லும் முன்புறப் பகுதியோ இருபதுகளின் நடுப்பகுதிவரை வளர்ந்துகொண்டே இருக்கும். இதெல்லாம் பலரும் படித்ததுதான்.

பலர் கேள்விப்படாதது இன்னொன்று. எரிக் நூக் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2018-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஐந்து வயதுக் குழந்தைகள் முதல் 25 வயதுக்காரர்கள் வரை பலருக்கும் மனதைச் சங்கடப்படுத்தும் படங்களைக் காட்டி, கோபம், சோகம், பயம், அருவருப்பு என ஒவ்வொன்றும் எவ்வளவு வந்தது என்று கேட்டார்கள். சின்னக் குழந்தைகள் பெரும்பாலும் ஒரே ஒரு உணர்ச்சியைச் சொன்னார்கள். பெரியவர்களுக்குப் பல உணர்ச்சிகள் வந்தாலும் எது எது என்று பிரிக்கத் தெரிந்தது. நடுவில் இருக்கும் வளரிளம் பருவத்தினருக்குத்தான் சிக்கல். அவர்களுக்கு எல்லாம் ஒரே சமயத்தில் வருகிறது, பிரிக்கவும் முடிவதில்லை. நம் பிள்ளைகள் "கடுப்பா இருக்கு" என்ற இரண்டே வார்த்தைகளோடு கதவைச் சாத்திக்கொள்வது திமிரால் அல்ல. உள்ளே இருப்பது அவர்களுக்கே அப்படித்தான் தெரிகிறது.

ஆலோசகரின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. ஓர் உதாரணத்துக்கு, அந்த வயிற்றுவலிப் பெண்ணை எடுத்துக்கொள்வோம். "என்னம்மா பிரச்சினை?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல மிஸ்" என்றுதான் பதில் வரும். நல்ல ஆலோசகர் அப்படிக் கேட்பதில்லை. முகங்கள் வரைந்த ஓர் அட்டையை முன்னால் வைப்பார். "காலையில பஸ்ல வரும்போது எந்த முகம்? பத்துக்கு எவ்வளவு?" என்பார். தோழிகள் வாட்ஸப் குழுவிலிருந்து அவளை நீக்கிவிட்டது மெல்ல வெளியே வரும். "அது கோபமா, இல்ல அவமானமா இருந்துச்சா?" என்று இரண்டு மூன்று பெயர்களை முன்வைத்து, அவளையே தேர்ந்தெடுக்க விடுவார். கொஞ்ச நேரத்தில் கடுப்பு மூன்றாகப் பிரிகிறது: நீக்கியவள்மீது கோபம், குழுவில் புதிதாகச் சேர்ந்தவள்மீது பொறாமை, மதியம் தனியாகச் சாப்பிட வேண்டிவருமே என்ற பயம். பயம் பத்துக்கு எட்டு. சரி, முதல் வேலை மதியச் சாப்பாட்டுக்கு யாரோடு உட்காருவது என்பது. கோபத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், பெயர் வைத்த அந்தக் கணத்திலேயே மூளையில் ஒரு மாற்றம் தெரிகிறது என்பதுதான். லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் மேத்யூ லீபர்மன் குழு 2007-இல் வெளியிட்ட சோதனையில், 30 பேரை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, கோபமான முகங்களையும் பயந்த முகங்களையும் காட்டினார்கள். ஆபத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலா என்ற பகுதி உடனே கிளர்ந்தது. ஆனால் அந்த முகத்தில் இருப்பது என்ன உணர்ச்சி என்று சொல்லைத் தேர்ந்தெடுத்தபோது அமிக்டலாவின் கிளர்ச்சி குறைந்தது. அதே நேரம் நெற்றிக்குப் பின்னால் வலப்பக்கமுள்ள முன்மூளைப் பகுதி வேலை செய்யத் தொடங்கியது. அதே முகத்துக்கு ஓர் ஆண் பெயரையோ பெண் பெயரையோ பொருத்தச் சொன்னபோது அந்த அளவு அடங்கவில்லை. ஏதோ ஒரு பெயர் போதாது, உணர்ச்சியின் பெயர்தான் வேண்டும்.

2012-இல் இதே வழியில் இன்னொரு சோதனை. சிலந்தி என்றாலே நடுங்குகிறவர்களை உயிருள்ள டரான்டுலா சிலந்தியின் அருகே நிறுத்தினார்கள். ஒரு குழு "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று உள்ளதை உள்ளபடி சொன்னது. இன்னொன்று "இது சின்னப் பூச்சிதான், ஒன்றும் செய்யாது" என்று சமாதானம் சொல்லிக்கொண்டது. இன்னொன்று சம்பந்தமில்லாத எதையோ பேசியது. ஒரு வாரம் கழித்து மறுபடி சிலந்தி. பதற்றத்தில் கை வியர்ப்பதைத் தோலின் மின்கடத்தலை வைத்து அளந்தார்கள். பயத்தைப் பயம் என்று சொன்னவர்களுக்குத்தான் அது குறைவு. பயத்தைச் சொல்லும் சொற்களை அதிகம் பயன்படுத்தியவர்களுக்குப் பலனும் அதிகம். "அதெல்லாம் ஒண்ணுமில்ல, பயப்படாதே" என்று பிள்ளைகளிடம் சொல்லும்போதெல்லாம் இந்தச் சோதனையை நாம் நினைத்துக்கொள்ள வேண்டும்.

முகங்கள், சிலந்தி இரண்டுமே பெரியவர்களிடம் செய்த சோதனைகள், இதனால் எல்லாம் தீரும் என்றும் சொல்லவில்லை. ஆலோசகர் ஆசிரியரிடம் பேசுவார், குழுவாக உட்காரவைப்பார், தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார். பிள்ளை சொன்னதை ரகசியமாகவும் வைத்திருப்பார். தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் தெரிந்தால் மட்டும் பெற்றோரிடம் சொல்லியாக வேண்டும். பாலியல் தொல்லை என்றால் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். இதையெல்லாம் முதல் சந்திப்பிலேயே பிள்ளையிடம் சொல்லிவிடுவதுதான் முறை.

பிள்ளை ஒடுங்கிப்போனால் காத்துக்கருப்பு என்று மந்திரிக்கவும் தாயத்துக் கட்டவும் இன்றும் ஓடுகிறோம். தாயத்தைவிட அந்தக் காத்திருப்பில் போகும் மாதங்கள்தான் எனக்குக் கோபம் தருகின்றன. அமெரிக்கப் பள்ளி ஆலோசகர்கள் சங்கம் 250 மாணவர்களுக்கு ஓர் ஆலோசகர் வேண்டும் என்கிறது. நம் அரசுப் பள்ளிகளில் அந்தக் கணக்கை எண்ணிப் பார்க்கவே முடியாது. ஸ்மார்ட் போர்டு வாங்கப் பணம் இருக்கும்போது ஆலோசகருக்குச் சம்பளம் கொடுக்கவும் இருக்க வேண்டும். நம் பிள்ளைகள் தமிழில் தங்கள் உணர்ச்சிகளை எந்த வயதில் எப்படிப் பிரித்துச் சொல்கிறார்கள் என்று ஆராயவும் நிதி ஒதுக்க வேண்டும்.

வாசகிக்கு: தாராளமாக அனுப்புங்கள். திரும்பி வந்ததும் "என்ன கேட்டாங்க, என்ன சொன்னே?" என்று துருவாதீர்கள். ராத்திரி அவளே "கடுப்பா இருக்கும்மா" என்றால், அறிவுரையைத் தள்ளிவைத்துவிட்டு, "எப்படிக் கடுப்பு? அழுகை வர்ற மாதிரியா, கத்தணும் போலவா?" என்று கேட்டுப் பாருங்கள். தூக்கமும் சாப்பாடும் குறைந்து வாரக்கணக்கில் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். எங்கே போவதென்று தெரியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.