புனைபெயரைக் கண்டுபிடிக்கும் நட்பு வலை

சமூக வலைத்தளத்தில் புனைபெயரில் எழுதினால் தாம் யார் என்பது எவருக்கும் தெரியாதல்லவா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பெயரையும் படத்தையும் மறைத்துவிட்டால் போதும் என்றே பலரும் நம்புகிறோம். சென்னை ஐஐடியில் படித்த அரவிந்த் நாராயணனும், அமெரிக்காவில் அவருடைய ஆய்வு வழிகாட்டியாக இருந்த விட்டாலி ஷ்மாட்டிகோவும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையைத் தகர்த்தது. ஒருவர் யார் யாரோடு தொடர்பு வைத்திருக்கிறார் என்பதே அவரைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று அவர்கள் நிறுவினார்கள்.

உறுப்பினர்களைப் புள்ளிகளாகவும் தொடர்புகளைக் கோடுகளாகவும் வரைந்தால் ஒரு வலை கிடைக்கும். பெயர்கள் உள்ள வலை ஒன்றும், பெயர்களை நீக்கி எண்களை மட்டும் இட்ட வலை ஒன்றும் நம் கையில் இருப்பதாகக் கொள்வோம். ஒருவரோடொருவர் இணைந்துள்ள நால்வரை முதல் வலையில் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவருக்கும் எத்தனை தொடர்புகள், எந்த இருவருக்கும் எத்தனை பொது நண்பர்கள் என்று எண்ணினால், ஏறத்தாழ அதே எண்ணிக்கைகள் கொண்ட நால்வரை மற்ற வலையிலும் தேடிப் பிடிக்கலாம். இவர்களே விதைகள்.

இதன் பிறகு நடப்பதுதான் இந்த ஆய்வின் அழகு. அடையாளம் தெரியாத ஒரு புள்ளியை எடுத்துக்கொண்டு, அதன் அண்டையில் ஏற்கெனவே அடையாளம் கண்டவர்கள் எவர் என்று பார்க்கிறார்கள். மற்ற வலையில் அதே நபர்களோடு தொடர்புள்ள ஒவ்வொருவருக்கும், அத்தகைய பொதுத் தொடர்புகளின் எண்ணிக்கைக்கேற்ப மதிப்பெண் தருகிறார்கள். ஆனால் இலட்சக்கணக்கானோர் பின்தொடரும் ஒரு நடிகரின் கணக்கு எங்கு பார்த்தாலும் பொருந்துவதுபோலத் தோன்றும் என்பதால், அந்த மதிப்பெண்ணைக் கணக்கிலுள்ள தொடர்புகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்துவிடுகிறார்கள். முதலிடம் பெற்றவருக்கும் இரண்டாமிடம் பெற்றவருக்கும் போதிய இடைவெளி இல்லையென்றால், முடிவு கூறாமல் விட்டுவிடுகிறார்கள். இடைவெளி இருந்தாலும், வலைகளை இடம் மாற்றி அதே கணக்கைத் தலைகீழாகச் செய்து, புறப்பட்ட புள்ளிக்கே திரும்பி வந்தால்தான் பொருத்தத்தை ஏற்கிறார்கள். குறுக்கெழுத்துப் புதிரில் நிரப்பிய சொல் அடுத்த சொல்லுக்கு எழுத்துகளைத் தருவதுபோல, ஏற்றுக்கொண்ட ஒவ்வொரு பொருத்தமும் அண்டையிலுள்ளவர்களைக் கண்டுபிடிக்க உதவுகிறது. முன்பு விட்டுவந்த புள்ளிகளையும் மீண்டும் பார்க்க முடிகிறது.

ட்விட்டர், படங்களைப் பகிரும் ஃபிளிக்கர் ஆகிய இரு தளங்களில் இதைச் சோதித்தார்கள். இரண்டிலும் கணக்கு வைத்திருந்தவர்களின் தொடர்புகளில் 15 விழுக்காட்டுக்கும் குறைவானவையே பொதுவாக இருந்தன. அப்படியிருந்தும், இரு தளங்களிலும் இருப்பது உறுதி செய்யப்பட்டவர்களில் மூன்றில் ஒரு பங்கினரை, 12 விழுக்காடு பிழையோடு, கண்டுபிடிக்க முடிந்தது.

புனைபெயர் இவ்வளவு மெல்லிய திரையாக இருக்கும்போது, அதையும் சட்டத்தால் கிழிக்க வேண்டும் என்போர் இருக்கிறார்கள். சமூக வலைத்தளக் கணக்குகளோடு ஆதாரை இணைக்கக் கோரி 2018-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கே தொடரப்பட்டது. தென்கொரியா 2007-இல் பெரிய தளங்களில் பயனர்களின் அடையாளத்தைச் சரிபார்ப்பதைக் கட்டாயமாக்கியது. 2011-இல் அந்நாட்டின் நேட், சைவேர்ல்ட் தளங்களிலிருந்து ஏறத்தாழ 3.5 கோடி பேரின் விவரங்கள் திருடப்பட்டன. மறு ஆண்டே அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் அச்சட்டப்பிரிவைச் செல்லாததாக்கியது. உண்மைப் பெயரைக் கேட்டு வாங்கினால் மனிதர்கள் பண்பாகப் பேசுவார்கள் என்பது, சோதித்துப் பார்க்காமல் பற்றிக்கொண்டிருக்கும் மூடநம்பிக்கைக்கு நெருக்கமானது என்பேன். வீட்டு வன்முறையிலிருந்து தப்பி வந்த ஒரு பெண்ணுக்குப் புனைபெயர் உயிர்க்காப்பு. அதை எவ்வாறு வலுப்படுத்தலாம் என்று ஆராயும் துறைகளுக்கு நம் பல்கலைக்கழகங்கள் தாராளமாக நிதி ஒதுக்க வேண்டும்.

வாசகரின் கேள்விக்கு வருவோம். புதிய கணக்கைத் தொடங்கியதும் பழைய நண்பர்களையே தேடிப் பின்தொடர்வதும், கைபேசியின் தொடர்புப் பட்டியலைப் பதிவேற்றுவதும் இந்த முறைக்கு வேண்டிய தரவைத் தாமே தருவதாகும். பழைய வட்டத்தோடு தொடர்பே இல்லாத சிலரை மட்டும் பின்தொடரும் கணக்கைப் பொருத்திப் பார்க்க இந்த முறைக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை.