கம்யூனிட்டி ஆர்கனைசர்: சரியான தமிழ்ச் சொல் எது?

கிளீவ் ஜோன்ஸ் பற்றி எழுதுகிறவர்கள் அவர் பெயருக்கு முன்னால் ‘கம்யூனிட்டி ஆர்கனைசர்’ என்று போடுவார்கள். சான்பிரான்சிஸ்கோவில் பால்புதுமையர் (தன்பாலீர்ப்பாளர், திருநர் உள்ளிட்டோர்) உரிமைகளுக்காக 1970களிலிருந்து உழைத்தவர் அவர். இந்த அடைமொழியைத் தமிழில் சொல்ல வரும்போது சமூக ஆர்வலர், சமூக சேவகர், ஒருங்கிணைப்பாளர் என்று கைக்கு வந்ததைப் போட்டுவிடுகிறோம். இவற்றில் ஒன்றுகூட அவர் செய்த வேலையைச் சொல்லவில்லை.

முதலில் சொல்லின் வேர். கிரேக்கத்தில் ‘ஓர்கனான்’ என்றால் கருவி. அதுவே லத்தீனுக்குப் போய் உடலின் உறுப்பையும் குறிக்கத் தொடங்கியது. தனித்தனிப் பாகங்களை ஓர் உடலின் உறுப்புகளாக இயங்க வைப்பது என்ற பொருளில் ‘ஆர்கனைஸ்’ என்ற வினை வந்தது. சங்கத்தில் சேர்ந்தவரை நாம் ‘உறுப்பினர்’ என்பதும் இதே எண்ணம்தான். பிறகு தொழிற்சங்கங்கள் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டன. ஆலை ஆலையாகப் போய்த் தொழிலாளர்களைச் சங்கத்தில் சேர்ப்பவர் ஆர்கனைசர். 1939இல் சால் அலின்ஸ்கியும் ஜோசப் மீகனும் சிகாகோவின் இறைச்சிக் கொட்டடிகளை ஒட்டிய குடியிருப்பு மக்களுக்காக ஒரு மன்றம் தொடங்கினார்கள். ஆலைக்குள் நடந்த வேலை தெருவுக்கு வந்தது, ‘கம்யூனிட்டி’ என்ற முன்னொட்டும் நிலைத்தது. பராக் ஒபாமா 1980களில் சிகாகோவில் பார்த்த வேலையும் இதுதான்.

ஜோன்ஸ் 1954இல் இந்தியானா மாநிலத்தில் பிறந்தவர். தன்பாலீர்ப்புள்ள இளைஞராகச் சான்பிரான்சிஸ்கோ வந்து சேர்ந்தார். அங்கே காஸ்ட்ரோ தெருவில் கேமரா கடை வைத்திருந்த ஹார்வி மில்க்தான் அவருக்கு ஆசான். மில்க் வெறும் பேச்சாளர் இல்லை. கூர்ஸ் பீர் நிறுவனத்துக்கு எதிராக லாரி ஓட்டுநர் சங்கம் போராடியபோது, தன்பாலீர்ப்பாளர் மதுக்கூடங்களில் அந்த பீரை விற்காமல் நிறுத்த வைத்தார். பதிலுக்கு அவர் சங்கத்திடம் கேட்டது, தம் மக்களுக்கும் ஓட்டுநர் வேலை. ஒருவரை ஒருவர் ஏறிட்டும் பார்க்காத இரண்டு தரப்புக்கு ஒரே நலன் இருப்பதைக் கண்டுபிடித்துக் காட்டுவது, அதுதான் ஆர்கனைசரின் வேலை.

1977 தேர்தலில் மில்க் நகர மன்றத்துக்குத் தேர்வானார். அவர் அலுவலகத்தில் ஜோன்ஸ் பயிற்சி மாணவராக இருந்தார். 1978 நவம்பர் 27 அன்று மில்க்கும் மேயர் ஜார்ஜ் மாஸ்கோனியும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அப்புறம் எய்ட்ஸ் வந்தது. ஒவ்வொரு நவம்பரிலும் மில்க் நினைவாக மெழுகுவத்தி ஊர்வலம் நடக்கும். 1985 ஊர்வலத்தில், எய்ட்ஸுக்குப் பறிகொடுத்தவர்களின் பெயரை ஆளுக்கோர் அட்டையில் எழுதி வரும்படி ஜோன்ஸ் சொன்னார். அந்த அட்டைகளை மத்திய அரசுக் கட்டடத்தின் சுவரில் ஒட்டினார்கள். நிமிர்ந்து பார்த்த ஜோன்ஸுக்கு அது வீட்டில் தைக்கும் ஒட்டுத்துணிப் போர்வைபோல் தெரிந்தது.

எய்ட்ஸில் இறந்தவர்களின் பெயர்களைத் துணித் துண்டுகளில் தைத்து இணைத்த எய்ட்ஸ் நினைவுப் போர்வை பிறந்த கதை இது. இதில் எனக்குப் பெரிதாகப் படுவது அதன் அமைப்பு முறை. ஒவ்வொரு துண்டும் 3 அடிக்கு 6 அடி, ஏறக்குறைய ஒரு புதைகுழியின் அளவு. இறந்தவரின் அம்மாவும் காதலரும் நண்பரும் யாருடைய அனுமதியும் கேட்காமல் தைக்கலாம். எட்டுத் துண்டுகள் சேர்ந்தால் 12 அடிச் சதுரம். பெயரைச் சொல்லவே பயந்த குடும்பங்கள் பெயரைத் துணியில் தைத்து அனுப்பின. 1987 அக்டோபர் 11 அன்று வாஷிங்டனின் நேஷனல் மால் திடலில் விரித்தபோது 1,920 துண்டுகள். இன்று சுமார் 50,000. தனித்தனி வீடுகளில் ஒளிந்துகிடந்த துக்கத்தை அரசால் தாண்டிப்போக முடியாத ஒன்றாக ஆக்கினார்கள்.

சரி, தமிழுக்கு வருவோம். ‘ஒருங்கிணைப்பாளர்’ ஏற்கெனவே இருக்கும் குழுக்களை இணைத்து நடத்துபவர். ‘ஏற்பாட்டாளர்’ விழாவுக்குப் பந்தல் போடுபவர். ‘செயற்பாட்டாளர்’ நல்ல சொல், ஆனால் அவர் தனியாளாகவும் இயங்கலாம். பிறரைச் சேர்க்காத ஆர்கனைசர் கிடையாது. நேரான சொல் ‘அமைப்பாளர்’. தமிழ்நாட்டில் சத்துணவு அமைப்பாளர், இலங்கையில் கட்சிகளின் தொகுதி அமைப்பாளர் என்று பழகிய சொல்தான், ஆனால் அங்கெல்லாம் அது மேலிருந்து கொடுக்கப்படும் பதவி. ஜோன்ஸை யாரும் நியமிக்கவில்லை.

‘கம்யூனிட்டி’யைச் ‘சமூகம்’ என்பதிலும் ஒரு சிக்கல். ‘எங்கள் சமூகம்’ என்றால் நம் ஊரில் பாதிப் பேருக்குச் சாதிதான் நினைவுக்கு வரும். ‘சமூக அமைப்பாளர்’ என்று எழுதினால் சாதிச் சங்க நிர்வாகி என்று படிக்க வாய்ப்புண்டு. ஆகவே ‘மக்கள் அமைப்பாளர்’ என்பதே என் தேர்வு. எந்த மக்கள் என்பதை முன்னால் சேர்த்துக்கொள்ளலாம்: பால்புதுமையர் உரிமைக்கான மக்கள் அமைப்பாளர். தமிழ்நாடு அரசு 2022இல் வெளியிட்ட சொற்பட்டியலில் ‘பால்புதுமையர்’ இருப்பதால் அதைத் தயங்காமல் எழுதலாம்.

வினைச்சொல்லாக வரும்போது ‘அமைத்தார்’ பொருந்தாது. ‘திரட்டினார்’ என்பதே சரி. கூடுவது வேறு, திரள்வது வேறு. கூடியவர்கள் கலைந்துவிடலாம். மோரிலிருந்து வெண்ணெய் திரள்வதுபோல, திரண்டது புதிதாக ஒன்றாகிவிடுகிறது. ‘ஓட்டல் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து, தொழிலாளரை மதிக்கும் ஓட்டல்களில் மட்டுமே தங்கும்படி பால்புதுமையரை ஜோன்ஸ் திரட்டினார்’ என்று எழுதிப் பாருங்கள். அவருடைய பிற்கால வேலையும் அதுதான்.